கணக்கில் ஏறாத நூற்றுமுப்பது பேர்

சுகதன் சேட்டனின் வள்ளத்தில் ஒரு நாளும் எண்பது பேருக்கு மேல் ஏறியதில்லை. பதினோரு வருடத்துப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. அதை எழுதியது நான்.

எங்கள் தீவான வட்டத்துருத்துக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் ஆறு ஒரு கூப்பிடு தூரம்தான். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, நர்ஸ் வந்து உட்காரும் துணை மையம், பால் சொசைட்டி, பஸ் எல்லாம் அந்தக் கரையில். இந்தக் கரையில் நாங்களும் வயலும் வாத்துகளும். வள்ளத்தில் அக்கரை சேர்க்கும் கடத்துக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம். பஞ்சாயத்து சுகதன் சேட்டனுக்கு மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தது. அதற்கு ஈடாக அவர் தினமும் எத்தனை பேர் கடந்தார்கள் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

என் வீடு வள்ளம் வந்து அணையும் கடவின் படிக்கல்லை ஒட்டி இருக்கிறது. தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். வள்ளத்தில் இருந்தால் நனையும் என்று பதிவேட்டை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். அவர் நாலாம் வகுப்பு, நான் எட்டாம் வகுப்பு பாதியில் நின்றவள். அந்த வித்தியாசத்தில் எழுத்து வேலை எனக்கு வந்தது. சாயங்காலம் கடைசி நடை முடிந்ததும் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சத்தம் போடுவார்.

"அம்பிளியே, எழுபத்தெட்டு."

நான் எழுதுவேன். அன்று காலை எட்டு மணி நடைகளில் மட்டும் நாற்பது பிள்ளைகள் போயிருப்பார்கள். ஜன்னல் வழியாக எல்லாத் தலையையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். ஒரு நாளைக்கு இருநூறுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

இப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் கடத்தியவர் குஞ்ஞாப்பி என்று ஒருவர். நேர்மையாக எழுதினார். நூறைத் தாண்டினால் கடவு டெண்டருக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு கான்ட்ராக்டர் எடுத்தார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் பிரசவ வலி வந்தாலும் அந்தக் கரையில் வள்ளம் கட்டிக் கிடக்கும். இரண்டு வருடம் அந்தக் கஷ்டத்தைப் பட்டு, மனு மேல் மனு கொடுத்து, கடவைத் திரும்ப வாங்கினோம். மணல் வள்ளத்து வேலை நின்று போய் சும்மா இருந்த சுகதன் சேட்டனைக் கூட்டிவந்து நிறுத்தியதும் துருத்துக்காரர்கள்தான். வரும்போதே சொல்லிவிட்டார்கள், எண்பதைத் தாண்டாதே என்று.

அதனால் எல்லோருக்கும் தெரியும். வள்ளத்தில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப் போயிருந்தது. மீன் விற்கும் ஏலிக்குட்டிச் சேச்சி கூடையோடு ஏறும்போதே தொடங்குவார்.

"சுகதா, இன்னைக்கு நான் ஆளா, காத்தா?"

"நேத்து உன்னை எழுதியாச்சு. இன்னைக்கு நீ காத்து."

"காத்து ஏறினதுக்கா உன் வள்ளம் இப்படிச் சாயுது?"

"அது உன் மீனோட பாரம். வேணும்னா மத்தியை எழுதிக்கறேன், உன்னை எழுத மாட்டேன்."

சுகதன் சேட்டனுக்கு நாக்கு கொஞ்சம் கூர்மை. குடித்துவிட்டு வருகிறவர்களை வள்ளத்தின் நடுவில் குந்த வைத்துத்தான் கொண்டுபோவார், நிற்கவிட மாட்டார். பள்ளிப் பிள்ளைகள் கையைத் தண்ணீரில் விட்டால் கழியால் ஒரு தட்டு. ஆனால் கரையில் யார் வந்து நின்றாலும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வருவார். மனைவி கிரிஜா அதற்காகத் திட்டாத நாள் இல்லை. கல்யாணப் பெண்களைக் கொண்டுபோனார். பிணங்களைக் கொண்டுவந்தார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஓணத்துக்கு ஒரு சீப்பு பழம் கொடுத்தால் வாங்குவார், அதையும் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிடுவார். பொய் என்று அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்து இருந்தது அந்த ஒரு எண்தான்.

அந்த ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. மடை உடைந்தது, இரவோடு இரவாக வயலும் ஆறும் ஒன்றாகிவிட்டது. காலையில் எங்களைக் கூட்டிப்போக விசைப்படகு வந்தபோது என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என் கணவர் வாத்து மேய்க்கப் போனவர் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டு, ஆதார், மிஷினின் தலைப்பாகம், அதோடு அலமாரி மேலிருந்த பதிவேடு. பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். யோசித்துச் செய்யவில்லை. கையில் நம்பிக் கொடுத்த பொருள், நனையக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

முகாமில் வார்டு மெம்பர் மோனிச்சன் எல்லோருக்கும் முன்னால் அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க இந்தப் பொண்ணை. மாத்து உடுப்பு கூட எடுக்கல. சர்க்கார் புஸ்தகத்தைக் காப்பாத்தியிருக்கா."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். கஞ்சி வரிசையில் நின்ற சுகதன் சேட்டன், "பதினோரு வருஷத்து ஆளுங்களையும் ஒத்தை ஆளா கரை சேத்துட்டியே மோளே," என்று சிரித்தார்.

திரும்பி வந்தபோது கடவு இல்லை. இரண்டு கரையிலும் படிக்கல் பெயர்ந்து ஆற்றுக்குள் போயிருந்தது. வள்ளத்தின் பாதி ஒரு தென்னையில் சிக்கித் தொங்கியது. ஒரு தனியார் படகு ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, தோன்றும்போது வந்தது. மற்றபடி உடைந்த வயல் வரம்பு வழியாகச் சேற்றில் நடந்து, படகு ஜெட்டிக்குப் போய்ச் சுற்றிவர வேண்டும். பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஏலிக்குட்டிச் சேச்சி மீன் விற்பதை விட்டுவிட்டார். இருபது போக இருபது வர, மத்தியில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். எப்போது கடவு வரும் என்று யாரும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை லிஜி என்ற பெண் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். என் வீட்டு முன்னறையில் மோனிச்சன் நாற்காலி போட்டார். நான் கட்டன் சாயாவும் அவித்த கப்பைக் கிழங்கும் வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினேன். சுகதன் சேட்டன் வாசலில் நின்றார்.

"உடைஞ்ச கல்லு, போன வள்ளம், அதெல்லாம் சேதம். எஞ்சினியர் எழுதிட்டுப் போயிட்டார்," என்றாள் லிஜி. "நான் வந்தது வேற கணக்குக்கு. கடவு நின்னதால ஜனங்களுக்கு என்ன போச்சோ, அதுக்கு ஒரு விலை போடணும்."

"காசே வாங்காத கடத்துக்கு என்ன விலை?" என்றார் மோனிச்சன்.

"வாங்காட்டியும் விலை உண்டு சேட்டா. சுத்திப் போறதுல ஒரு ஆளுக்கு ஒரு நாள்ல எத்தனை நேரம் வீணாகுது? ஒரு மணின்னு வைங்க. சர்க்கார் கணக்குல ஒரு மணிக்கு அம்பது ரூபா. அதை ஆளுங்க எண்ணிக்கையால, நின்ன நாளால பெருக்கணும். அவ்வளவுதான்."

பிறகு பதிவேட்டைக் கேட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே போனாள்.

"பக்கத்து வார்டுல பதிவேடு வெள்ளத்துல போயிருச்சு. ஆளுங்க வாயால சொன்னதைத்தான் எழுத வேண்டியிருந்தது. இருநூத்தம்பதுன்னாங்க. இல்லைன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு? இங்க எழுத்துல இருக்கறதால எனக்கு வேலை மிச்சம்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல கையெழுத்து."

மோனிச்சன் சட்டென்று வெளியே பார்த்தார். மாதக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டிருந்தது அவர் கையெழுத்து.

"எண்பது பேர், ஒரு மணி, அம்பது ரூபா, நூறு நாள்," என்று லிஜி தாளில் போட்டாள். "நாலு லட்சம்."

"அது நிறையவா, கொஞ்சமா?" சுகதன் சேட்டன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு கரையும் கட்டி வள்ளம் வாங்க ஒன்பது லட்சம் ஆகும். போன நஷ்டம் செலவைவிடக் கம்மியா இருந்தா பட்டியல்ல சேக்க மாட்டாங்க சேட்டா."

"சேக்கலைன்னா?"

"கடவு எடுத்துருவாங்க. வரம்பு வழியாப் போகலாம்னு எழுதுவாங்க." அவள் குரல் இறங்கியது. "எனக்கும் இது பிடிக்கல. ஆனா எண் இதுதானே. வியாழக்கிழமை டைப் பண்ணிக் கொண்டுவரேன். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

மறுநாள் சாயங்காலம் என் முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். ஏலிக்குட்டிச் சேச்சி வரும்போதே கோபத்தோடு வந்தார்.

"எல்லாரும் போய் இருநூத்திப்பத்துன்னு சொல்லுவோம். இத்தனை பேர் சொன்னா எழுத மாட்டாளா?"

"எழுதுவா," என்றார் மோனிச்சன். "பதினோரு வருஷம் சர்க்கார் புஸ்தகத்துல பொய் எழுதினாங்கன்னும் சேத்து எழுதுவா. சுகதன் உள்ளே போவான். நான் பின்னாலயே போவேன்."

"மெம்பர் பதவி போனா உனக்கென்ன, படகுப் பட்டறை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"சேச்சி, நீங்கதானே அன்னைக்கு எண்பதுக்கு மேல போகாதேன்னு முதல்ல சொன்னது."

"அன்னைக்கு வெள்ளம் வந்துச்சா?"

"புஸ்தகம் இப்ப நனஞ்சு போனா என்ன?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் அந்தப் பெண்ணின் ஃபோனில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

சுகதன் சேட்டன் மட்டும் போகவில்லை. மிச்சமிருந்த ஒற்றைப் படிக்கல்லில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எண்பதுன்னா கடவு போயிரும், கூடவே நானும் போவேன்," என்றார். "இருநூத்திப்பத்துன்னா கடவு வரும். ஆனா டெண்டர் வரும், நான் போவேன். எந்தப் பக்கம் கழி குத்தினாலும் வள்ளம் அங்கேதான் போகுது."

"அப்புறம் எதுக்கு யோசிக்கறீங்க?"

"திருடங்கற பேரோட போறதா, பேர் கெடாமப் போறதான்னு." சாயாவைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார். "நீ எதுக்கு மோளே அந்தப் புஸ்தகத்தை எடுத்தே?"

"நனஞ்சிரும்னு."

அவர் தலையசைத்தார். நான் ஆறிப்போன டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வியாழக்கிழமை லிஜி வந்தாள். தாளை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தாள். சுகதன் சேட்டன் பேனாவை வாங்கவில்லை.

"மேடம், இதுல எண் தப்பு. இருநூத்திப்பத்து வரும்."

"பதிவேட்டுல எண்பதுன்னு..."

"அது பொய்."

மோனிச்சன் நாற்காலியை விட்டு எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். சுகதன் சேட்டன் குஞ்ஞாப்பி காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது மெம்பருக்கு எதுவும் தெரியாது, மாசக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார். லிஜி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"சேட்டா, இதை நான் கேக்காத மாதிரி எழுந்து போயிடலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ கடவு?"

"வராது."

"அப்போ கேட்டுக்கோங்க."

அவள் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை எடுத்தாள். "வெறும் எண்ணைச் சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. எழுத்தை மறுக்கணும்னா எனக்குப் பேர் வேணும். யார், எதுக்குக் கடக்கறாங்கன்னு."

சுகதன் சேட்டன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"காலைல அஞ்சரை நடை. பால் சொசைட்டிக்கு முன்னால அணியத்துல தாமோதரன், பக்கத்துல அவன் தங்கச்சி புஷ்பா. ரெண்டு கேன். தென்னை ஏற மூணு பேர். சாபு, சாபுவோட மச்சான், அப்புறம் அந்த ஊமைக்காரன் பைஜு. ஆறரைக்குச் இறால் உரிக்கப் போற பெண்டுங்க பதினாலு பேர். ஷீபா, லதிகா, ரெண்டு மரியம்மா..."

நடை நடையாகச் சொல்லிக்கொண்டே போனார். வள்ளத்தில் யார் எங்கே உட்காருவார்களோ அந்த வரிசையில். சர்க்கரைக்கு ஊசி போட வாரம் இரண்டு நாள் போகிற கருணன், போஸ்ட் ஆபீஸில் பென்ஷன் வாங்க மாதம் ஒரு முறை மட்டும் வருகிற ஒரு விதவை. அவரை எப்படி எழுதுவது என்று லிஜி கேட்க, முப்பதில் ஒரு பங்கு ஆள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளை வகுப்போடு சொன்னார். லிஜி எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டாள். வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. தன் பெயர் வந்தபோது ஏலிக்குட்டிச் சேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்தது. கூட்டிப் பார்த்தால் இருநூற்று ஏழு.

"மூணு குறையுது," என்றார் மோனிச்சன். "முழுசா இருநூத்திப்பத்துன்னே எழுதலாமே."

"மூணு பேர் முகாம்லேர்ந்து திரும்பி வரல. மக வீட்டோட தங்கிட்டாங்க," என்றார் சுகதன் சேட்டன். "இருக்கறதை எழுதுங்க போதும்."

லிஜி பெருக்கினாள். பத்து லட்சத்து முப்பத்தையாயிரம். ஒன்பதைத் தாண்டியது. வாசலில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் இன்னொரு தாளை எடுத்தாள்.

"பதிவேடு நம்பத்தக்கதல்லன்னு காரணத்தோட நான் எழுதணும். யார் எழுதினதுன்னு கேப்பாங்க."

"நான்தான் எழுதினேன்," என்றார்.

பெயர்ப் பட்டியலின் அடியில் அவர் போட்ட கையெழுத்து அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. கோணலும் மாணலுமாக, நாலு எழுத்துக்கு அரை நிமிடம் எடுத்துப் போட்டது. அதன் பக்கத்தில் திறந்து கிடந்த பதிவேட்டில் என் உருண்டை எழுத்து. லிஜி இரண்டையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கால் மிஷின் மிதியின் மேல் இருந்தது. வாய் திறக்க ஒரு நொடி இருந்தது, அறை முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நான் ஊசியில் நூல் கோர்க்கிறவள் போலக் குனிந்துகொண்டேன். கடத்துக்காரர் எழுதியது என்று அவள் தாளில் எழுதினாள்.

அடுத்த மழைக்கு முன்னால் இரண்டு கரையிலும் புதுக் கல் போட்டார்கள். டெண்டரும் வந்தது. எடுத்தவர் எஞ்சின் படகு விட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குக் காசில்லை, பெரியவர்களுக்கு ஐந்து ரூபாய். காலையும் மாலையும் ஒழுங்காக ஓடுகிறது, மத்தியானம் ஓட்டுநர் தூங்கிவிடுவார். ஏலிக்குட்டிச் சேச்சி மறுபடியும் மீன் விற்கிறார். சுகதன் சேட்டன் காயலில் கக்காச் சிப்பி வாரப் போகிறார். அதிகாலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கூடை கூடையாக. அறுபதை நெருங்குகிறவர் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

விசாரணை மட்டும் முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. பதினோரு வருடம் வாங்கிய மாத உதவித்தொகையை ஏன் திருப்பி வசூலிக்கக்கூடாது என்று ஒன்றில் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார். அவர் கண்ணாடி வெள்ளத்தோடு போனது, புதிது வாங்கவில்லை.

போன வாரம் ஆறாவது கடிதம். நனைந்த வேட்டியோடு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"என்ன சொல்றான்?"

தேதி, கோப்பு எண், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும் என்பது வரை சத்தமாக வாசித்தேன். கீழே ஒரு வரி இருந்தது. பதிவேட்டிலுள்ள கையெழுத்தும் கடத்துக்காரரின் கையெழுத்தும் வேறுவேறாகத் தெரிவதால், எழுதிய நபரை உடன் அழைத்துவர வேண்டும்.

அதை விட்டுவிட்டு மடித்துக் கொடுத்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது.

வாசித்தேன்.

அவர் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தார்.

"அந்த வரிய நீ வாசிச்சிருக்க வேண்டாம்," என்றார்.

"வாசிச்சாச்சு."

"நீ வர வேண்டாம். செத்துப் போன யாராவது எழுதினாங்கன்னு சொல்லிக்கறேன்."

"அலுவலகத்துல என் கையெழுத்து வேற இடத்துலயும் இருக்கு சேட்டா. தொழிலுறப்பு நூறு நாள் வேலை மனு, வீட்டு வரி எல்லாத்துலயும்."

"கோபி என்ன சொல்வான்?"

என் கணவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வாத்துகளோடு மேற்கே போயிருக்கிறார், வர இன்னும் பத்து நாளாகும். அதைச் சொன்னேன். சுகதன் சேட்டன் கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மிஷினில் லதிகாவின் ஜாக்கெட் பாதியில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கு முடியாது, புதன்கிழமைதான் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன்.